எடுத்த இடத்தில் வைப்பவள்

அந்த சூப்பர்மார்க்கெட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மேனேஜர் முதல் கிடங்குக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ரிட்டர்ன் அக்கா. சம்பளச் சீட்டில் விற்பனை உதவியாளர் என்று அச்சடித்திருப்பார்கள். அது சும்மா பேருக்கு. வாங்க வருகிறவர்கள் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிற சாமான்களைப் பொறுக்கி எடுத்து, அதது இருக்க வேண்டிய இடத்தில் திரும்ப வைப்பதுதான் அவள் வேலை. பதினாலு வருஷமாகத் தினமும் மூன்று சுற்று. அதற்கென்றே ஒரு டிராலி. அதன் முன்சக்கரம் கீச்சிடும். எண்ணெய் விடட்டுமா என்று கிடங்குக்காரர் கேட்டால், சத்தம் வந்தால்தான் ஜனங்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும் என்பாள்.

எதை எங்கே விட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை வைத்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாள். சோப்பு ரேக்கில் கேக் கிடந்தால், அது சர்க்கரை வியாதிக்காரர் மனதைக் கல்லாக்கிக்கொண்ட இடம். வெங்காயக் குவியலின் மேல் முகத்துக்குப் பூசும் கிரீம் கிடந்தால், விலையை இரண்டாம் முறை பார்த்த பெண் யாரோ அந்த வழியாகப் போயிருக்கிறாள். ரொட்டிகளுக்கு நடுவே ரேசர் என்றால், தாடி வளர்க்க முடிவு செய்துவிட்டான் ஒருவன். இவர்கள் எல்லோரையும் அவள் மன்னித்துவிடுவாள். ஐஸ்கிரீமைக் கொண்டுபோய்ப் போர்வைகளுக்கு நடுவே செருகிவிட்டுப் போன புண்ணியவானை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காதவர்களை அவளால் சகிக்க முடியாது. வேலை செய்கிறவர்களானாலும் சரிதான். ஆறு வருஷம் முன்பு, விலை குறைத்து எண்ணெய் விற்ற ஒரு வாரத்தில், மூன்றாம் நம்பர் கவுன்ட்டரில் பில் போடுகிற பெண் இரண்டு பாட்டிலைக் காலிச் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் வாங்கிப் போக நினைத்தாளாம். அக்கா அவற்றைக் கண்டெடுத்து ரேக்கில் வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். நேராக அப்போதைய மேனேஜரிடம் போய்ச் சொல்லியும்விட்டாள். அந்தப் பெண்ணை மூன்று மாதம் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மூணாம் நம்பர் என்றுதான் கடையே அவளைக் கூப்பிடும். அக்கா அப்படிக்கூடக் கூப்பிடுவதில்லை.

பிறகு நோய் வந்தது, ஊரடங்கு வந்தது. கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கினார்கள். வெளியே வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பில் வரைந்து, வட்டத்துக்கு ஒரு ஆளாக நிறுத்தி, பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கடையை மூடியாக வேண்டும். மாவு, உப்பு, சோப்பு மூன்றும் முதல் வாரத்திலேயே காற்றாய்ப் பறந்தன. காலி ரேக்கைப் பார்த்தால் ஜனங்கள் மிரண்டு போவார்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. மேனேஜர் மாவு ரேக்கில் காகிதத் தட்டுகளை அடுக்கச் சொன்னார், உப்பு இருந்த இடத்தில் பிறந்தநாள் மெழுகுவர்த்திகளை. வீட்டுக்கு விருந்தாளியே வரக் கூடாத காலத்தில் ஒரு வரிசை முழுக்க விருந்துச் சாமான்கள் ஜோராக நின்றன.

அக்காவைத் தூக்கிவாரிப் போட்டது இதெல்லாம் இல்லை. அவள் டிராலி காலியாகத் திரும்பியதுதான். யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கைக்கு வந்ததை வேண்டாம் என்று கீழே வைக்கிற மனசு ஒரே வாரத்தில் ஊரை விட்டே போய்விட்டது. மூன்று சுற்றும் போய் வந்தாலும் டிராலியில் ஒன்றும் இருக்காது. சக்கரம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டு கூட வரும்.

காணாமல் போன சாமான்களில் ஒன்றை மட்டும் அவள் தினமும் தேடினாள். பச்சை டின். விழுங்க முடியாத நோயாளிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற சத்து மாவு அது. முன்பெல்லாம் மாதத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ விற்கும். தூசி தட்டி வைப்பதே அக்காதான். அதைக் குடித்தால் நோய் அண்டாது என்று யாரோ ஒருவர் கைபேசியில் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான். ஓடியாடி உடற்பயிற்சி செய்கிற தடியன்களெல்லாம் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒன்றுதான் என்று அட்டை எழுதி ஒட்டியும், வைத்த பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

அந்த டின் இல்லாமல் அவள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இல்லை.

அவர் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். சாப்பாட்டுப் பிரியர். எந்த ரூட்டில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று கேட்டால், நேரம் போவது தெரியாமல் சொல்வார். எட்டு மாதம் முன்பு தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஒரு ஆபரேஷன் முடிந்தது. குரல் போய்க் கரகரவென்று காற்றுதான் மிஞ்சியது. கெட்டியாக எதுவும் இறங்காது. அந்த மனிதர் இப்போது பச்சை டின் மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டே தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்ப்பார். உப்பைச் சீக்கிரம் போட்டுவிட்டாள் பார் என்று கரகரத்த குரலில் குறை சொல்வார்.

இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எடை ஐம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உடம்பு தாங்காது, தள்ளிப் போட வேண்டியதுதான். தள்ளிப் போட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று இந்தக் காலத்தில் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு டின் நாலு நாளைக்கு வரும். அவளுக்குக் கிடைத்ததோ வாரத்துக்கு ஒன்று. அதுவும் லீவு நாளில், மற்றவர்களைப் போல விடிவதற்கு முன்பே போய் வட்டத்துக்குள் நின்றால்தான். பஸ் ஓடாததால் தூரத்துக் கடைகளுக்குப் போக வழியில்லை. மருந்துக்கடையில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு டின் கொடுத்ததோடு கையை விரித்துவிட்டார்கள். மீதி மூன்று நாளும் காய்கறியை வேகவைத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுப்பாள். அதில் பாதி இருமலில் வெளியே வந்துவிடும்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஷட்டரை இறக்கிய பிறகு ரேக்கில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதைத்தான் வாங்கலாம். அதை மீறுவதைப் பற்றி அக்கா கனவிலும் நினைக்கவில்லை. தினமும் ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கியதும் அந்த ரேக் வரை போவாள், பார்ப்பாள், வெறுங்கையோடு திரும்புவாள். வாய் திறந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு நோய் என்பதையே கடையில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. ஆபரேஷனுக்கு லீவு போட்டபோதுகூட வீட்டில் வெள்ளையடிக்கிறோம் என்றுதான் சொன்னாள். அய்யோ பாவம் என்று ஒருத்தர் பார்த்துவிட்டால் தன்னால் நிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவள் பயம். வீம்பு என்றும் சொல்லலாம். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை ஐந்து மணிச் சுற்றில், ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கைக்கு ஒரு பொருள் அகப்பட்டது. ஷூ பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பச்சை டின். யாரோ ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. ரத்தம் கொதித்தது அவளுக்கு. டின்னை ஒரு நிமிஷம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொண்டுபோய் அதன் ரேக்கில் வைத்தாள். வைத்த கையை எடுக்கக்கூட இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை வைத்திருந்த ஒரு மனிதர் ஓடி வந்து அதை எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து அவளுக்கு நன்றி சொன்னார். சரி, போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை துடைப்பான் வாளிக்குள் இன்னொரு டின் இருந்தது. அதையும் எடுத்து ரேக்கில் வைத்தாள். டிராலி நிறைய ஏற்கெனவே குவித்து வைத்திருந்த ஒரு சீமாட்டி வந்து அதையும் மேலே போட்டுக்கொண்டு போனாள். புதன்கிழமை, ஈ காக்கை அண்டாத காகிதத் தட்டுகளுக்குப் பின்னால் ஒன்று. வியாழக்கிழமை குழல் விளக்குப் பெட்டிகளுக்கு நடுவே. ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே எடுத்து ரேக்கில் வைத்தாள். ஒவ்வொன்றும் அவள் கண்ணெதிரேயே போயிற்று. வியாழக்கிழமை அடக்க முடியாமல் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

“பச்சை டின்னை ஒளிச்சு வைக்கிறது யாரா இருந்தாலும் சரி, ஒரு நோயாளியோட வயித்துல அடிக்கிறீங்க. உங்க வீட்லயும் மனுஷங்க இருப்பாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

கிடங்குக்காரர் வாசலில் நின்று இருமினார். மூணாம் நம்பர் தலையைக் குனிந்துகொண்டு பில் மெஷினில் காகிதம் மாற்றினாள். அந்தக் காகிதம் அப்போதுதான் மாற்றியது. அக்காவின் கண்ணில் இதெல்லாம் பட்டது, மனதில் பதியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் எடை பார்க்கிற நாள். அவள் வந்து குளித்துவிட்டு, எடை மெஷினைத் தரையில் வைத்தாள். அவர் ஏறி நின்றார். ஐம்பதும் இருநூறு கிராமும். போன வாரமும் அதேதான். அப்பாடா என்று காலண்டரில் குறித்துக்கொண்டாள். அவர் உடை மாற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்ததும், கழற்றிப் போட்ட பேன்ட்டை ஊறவைக்கலாம் என்று எடுத்து வாளியில் போட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. பாக்கெட்டில் கையை விட்டால் கனமான இரும்புப் பூட்டு ஒன்று. பழைய வீட்டு கேட்டுக்குப் போட்டிருந்தது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை, கீழே வைத்துவிட்டு ஒரு முறை என்று தானே மெஷினில் ஏறிப் பார்த்தாள். எண்ணூறு கிராம்.

அவர் முன்னால் போய்ப் பூட்டை நீட்டினாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எத்தனை வாரமா?”

“மூணு வாரமா.”

“ஏங்க இப்படிப் பண்றீங்க?”

அவர் பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொண்டு சொன்னார். “நம்பர் குறைஞ்சா அன்னிக்கு நீ சாப்பிடறதில்ல. நான்தான் சாப்பிட முடியாம கெடக்கேன். வீட்ல ஒருத்தராவது சாப்பிடட்டுமேன்னு பார்த்தேன்.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே அழுகை வந்தது. பிறகு கோபம் வந்து அவரைத் திட்டித் தீர்த்தாள். ஒரு பஸ் முழுக்க ஜனங்களை வைத்து ஓட்டிய மனிதருக்குப் புத்தி இப்படியா போகும் என்றாள். எல்லாம் முடிந்து, அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாற்பத்தொன்பதும் நானூறு கிராமும். ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது. வீட்டில் இருந்த டின்னில் அடியில் இரண்டு கரண்டி மாவு மிச்சம்.

வெள்ளிக்கிழமை அவள் ஐந்து மணிக்குக் காத்திருக்கவில்லை. டின்னை ஒளிக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள். அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டால் தன் வீட்டுக்காரர் எடை கூடிவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டும் போல இருந்தது. நாலரை மணிக்கு, டிராலியை ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் போர்வை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஐந்தே நிமிஷம். மூணாம் நம்பர் கவுன்ட்டரை விட்டு எழுந்து வந்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து பச்சை டின்னை எடுத்தாள். தலையணை உறைகளுக்கு அடியில் அதைச் செருகிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தாள்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி பண்ணது பத்தாதா உனக்கு?”

மூணாம் நம்பர் திடுக்கிட்டாள். ஆனால் ஓடவில்லை. டின்னை வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“உங்களுக்குத்தான்க்கா வைக்கிறேன். நாலு நாளா வைக்கிறோம். ஷட்டர் எறக்கினதும் எடுத்து ரேக்ல வெச்சுட்டா, மிஞ்சினதுன்னு நீங்களே வாங்கிக்கலாமே. விதிப்படிதானே வாங்குவீங்க. அதான் அப்படி யோசிச்சோம். நீங்க என்னடான்னா தினம் அஞ்சு மணிக்கே தேடிப் புடிச்சுக் கொண்டு போய் வெச்சுடறீங்க.”

வீட்டு விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்டாள் அக்கா.

“எட்டு மாசமா சாயங்காலம் நீங்க வாங்குற டின்னுக்கு நான்தானே பில் போடறேன். யாருக்குக் குடுக்கறதுன்னு டின்லயே போட்டிருக்கு. உங்க வீட்ல இருக்கறது நீங்க ரெண்டு பேருதானே. இப்ப தினம் ஆறு மணிக்கு நீங்க அந்த ரேக் வரைக்கும் போயிட்டுத் திரும்பறதையும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். வாளிக்குள்ள வெச்சது நான் இல்ல, கிடங்குக்காரரு.”

அக்கா கேட்க நினைத்ததை அவள் முகமே கேட்டுவிட்டது போலும். மூணாம் நம்பர் ஒரு கணம் தரையைப் பார்த்தாள்.

“கோவம் இருந்துச்சுக்கா. இப்பவும் இருக்கு. அதுக்காக அந்த மனுஷன் பட்டினி கெடக்கணுமா?”

போர்வை ரேக்கின் கீழ்த்தட்டில் அக்கா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நாலு டின். பதினாறு நாள் சாப்பாடு. தன் புருஷன் சாப்பாட்டைத் தன் கையாலேயே எடுத்து நாலு நாளும் ஊருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அதோடு விடாமல் மைக்கில் வேறு ஏசியிருக்கிறாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவள் அழுதாள். மூணாம் நம்பர் பக்கத்தில் வந்து உட்கார முடியாது, ஆறடி தள்ளித்தான் நிற்க வேண்டும். டின்னைத் தரையில் வைத்து, காலால் மெல்ல அக்காவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

அக்கா அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அன்று மட்டும் இருந்த இடத்திலேயே அதை விட்டுவைக்க வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் திங்கட்கிழமை நெஞ்சில் கை வைத்துப் போன மனிதரின் முகமும் கூடவே வந்து நின்றது. அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். ஒளித்து வைத்தால் அவருக்குக் கிடைக்காது, ரேக்கில் வைத்தால் தனக்குக் கிடைக்காது. இரண்டும் வேண்டாம் என்று மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். ஊரடங்கு வந்த அந்த இரண்டு மாதமும் அவர் காதிலிருந்து போன் இறங்கியதே இல்லை. இந்த டின்னை இனிமேல் ரேக்கில் வைக்கக் கூடாது, அவர் அலமாரியில் வைத்து டாக்டர் சீட்டுக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்றாள் அக்கா. மேலிடத்தில் கேட்க வேண்டுமே என்று அவர் இழுத்தார். கேட்கிற வரைக்கும் யார் பசியோடு இருப்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள். மேனேஜர் போனைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் இவ்வளவு பதற்றம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே மூணாம் நம்பரும் கிடங்குக்காரரும் நின்றிருந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரருக்கு. தொண்டையில புற்றுநோய். எட்டு மாசமாச்சு. இதை விட்டா அவருக்குச் சாப்பாடு இல்லைங்க.”

சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்தாள். அய்யோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை. மேனேஜர் எழுந்து, மேஜையிலிருந்த அட்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டி, நீங்களே எழுதுங்கள், உங்கள் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கும் என்றார். டின் எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்டபோது, ஒரு இடத்தில் கிடந்தது என்பதோடு அக்கா நிறுத்திக்கொண்டாள். அதைக் கேட்டு மூணாம் நம்பர் மெல்ல மூச்சு விட்டாள்.

அக்காவின் கைபேசியில் டாக்டர் சீட்டின் படம் இருந்தது. அப்போதே காட்டி வாங்கிப் போயிருக்கலாம். மேனேஜரும் அதைத்தான் சொன்னார். அவளா கேட்பாள்? வெளியே வட்டத்தில் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும், அட்டையை மாட்டிவிட்டு ஆறு மணி வரை பார்ப்போம், சீட்டோடு யாரும் வராவிட்டால் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மூணாம் நம்பர் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஐம்பது நிமிஷம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உள்ளே வருகிற ஒவ்வொருத்தர் கையையும் பார்த்தாள், காகிதம் இருக்கிறதா என்று. யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள், வேண்டிக்கொண்டதற்காக வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் வேண்டிக்கொண்டாள். ஆறு மணி அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு அம்மா சீட்டும் கையுமாக வேகமாக வந்தாள். அக்காவின் கை தானாகவே டின்னை நீட்டப் போயிற்று. அந்த அம்மா கேட்டது இருமல் மருந்து. மருந்துக்கடை அடுத்த கட்டிடம் என்று கிடங்குக்காரர் வழி காட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

ஷட்டர் இறங்கியது. மூணாம் நம்பர் பில் போட்டாள்.

மறு வாரம் பன்னிரண்டு டின் வந்து இறங்கியது. சீட்டுக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் தடியன்கள் வேறு ஏதோ ஒரு பொடியைத் தேடிப் போய்விட்டார்கள். சீட்டோடு வந்தவர்கள் ஏழே பேர். நாலு நாளைக்கு ஒரு டின் என்று அக்காவுக்குத் தடையில்லாமல் கிடைத்தது. ஆபரேஷன் தேதியும், எடை ஐம்பதுக்குக் குறையக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் இப்போது கடைக்கே தெரியும். வீட்டில் வேளை தவறாமல் கரைத்துக் கொடுத்தாள். போதும் என்று அவர் கையைக் காட்டினால், பாக்கெட்டில் வைக்க வேறு ஏதாவது தேடட்டுமா என்று கேட்பாள். அவர் சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், இருமல் அடங்கியதும் மிச்சத்தையும் குடித்துவிடுவார். காலண்டரில் மட்டும் அவள் எதையும் எழுதவில்லை. அந்த வியாழக்கிழமை மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை அவளுக்கு.

ஆபரேஷன் நாளன்று ஆஸ்பத்திரி வாசலோடு அவளை நிறுத்திவிட்டார்கள். கூட வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. அவர் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி எடை மெஷின் இருந்தது. நர்ஸ் ஏறச் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், கைக்கடிகாரத்தையும் கழற்றி நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஏறினார். அத்தனை நேர்மையாக அந்த மனிதர் எதன் மேலும் ஏறி நின்றதில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள். சீட்டில் எழுதினாள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே நிற்கிற அக்காவிடம், ஐம்பதும் முந்நூறும், உள்ளே கூட்டிப் போகிறோம் என்றாள்.

அவர் கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தூக்கிக் காட்டினார், பஸ்ஸை எடுக்கும்போது காட்டுகிற மாதிரி. அவளும் காட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

ஆபரேஷன் முடிய ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். மதில் ஓரம் நின்று கைபேசியை எடுத்தாள். யாரிடமாவது இதைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பதினாலு வருஷம் கூட வேலை செய்தவர்களில் ஒருத்தர் நம்பர்கூட அவளிடம் இல்லை. யாருடைய நம்பரையும் அவள் கேட்டதில்லை. கடையின் பொது நம்பர் ஒன்றுதான் மனப்பாடம். அதை அழுத்தினாள். ஒரு முறை மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“எவ்வளவுக்கா?” என்றது மூணாம் நம்பர் குரல். வணக்கம் இல்லை, யார் என்று கேட்கவில்லை.

“ஐம்பது. ஐம்பதும் முந்நூறும். உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

அந்தப் பக்கம் பில் மெஷின் சத்தம் நின்றது. தள்ளி எங்கேயோ கிடங்குக்காரர் யாரிடமோ, ஐம்பதாம்பா, ஐம்பதைத் தாண்டிடுச்சாம் என்று சொல்வது கேட்டது. பிறகு மூணாம் நம்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும் என்றாள். அக்காவிடம் காகிதம் இல்லை. வாசல் காவலாளியிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதினாள். சரியாக எழுதியிருக்கிறாளா என்று படித்துக் காட்டச் சொன்னாள் மூணாம் நம்பர். அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நடுவில் ஒரு எண் தவறிப் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.